ஆணி மண்டிய மண்ணில் காசு: வாசகர் கேள்வி - பதில்

வேலந்தாவளம் தொடங்கி மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வரை எல்லை ஊர்களிலிருந்து மெட்டல் டிடெக்டர் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி நிலத்தைப் பற்றியவை: பழைய வண்டிப்பேட்டை, சந்தைமேடு, கட்டுத்தரை, இடிந்த ஓட்டு வீடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிக்கும் மலையாளக் கரைக்கும் மாட்டு வண்டி ஓடிய தடம் இது. வண்டி நின்ற இடத்தில் காசு கைமாறியது, மாட்டுக்கு லாடமும் அடித்தார்கள். காசு விழுந்த மண்ணில் லாட ஆணியும் கிடக்கும். எங்கள் குழு தேர்ந்தெடுத்த கேள்விகளும் பதில்களும் கீழே.

எங்கள் தோட்டத்தில் ஒரு மூலை, அந்தக் காலத்தில் வண்டிப்பேட்டை. டிடெக்டரை ஓட்டினால் அடிக்கு அடி கத்துகிறது. கடைக்காரர் சொன்னபடி, இரும்புக்குக் கருவி கத்தாதபடி செட்டிங்கில் மொத்தமாக அணைத்துவிட்டேன். இப்போது சத்தமே இல்லை, காசும் இல்லை. ஏன்?
*- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை*

சத்தம் நின்றதால் இரும்பு போய்விடவில்லை. ஒவ்வொரு ஆணிக்கும் கருவி வாயை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் கிடக்கும் காசின் குரலும் அந்த மூடலுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது.

நடப்பது இதுதான். கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு, அதாவது காயில் (கம்பிச் சுருள்), மண்ணுக்குள் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. செம்பு, வெள்ளி போன்ற உலோகத்தில் அது சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் அலை, அனுப்பிய அலையைவிடப் பின்தங்கி வரும். எவ்வளவு பின்தங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் கருவி உலோகத்துக்கு எண் போடுகிறது. இரும்பு வேறு வகை. அது புலத்தையே தன்பக்கம் இழுத்துக் குவிக்கும், அதனால் அதன் பதில் வேறொரு கட்டத்தில், அளவுக்கு மீறிய பலத்தோடு வரும். காயிலுக்கு அடியில் ஆணியும் காசும் ஒன்றாக இருந்தால் கருவிக்குக் கிடைப்பது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே. ஆணி மேலாகவும் காசு ஆழத்திலும் இருந்தால் கூட்டுத்தொகை ஆணி பக்கம் சாய்ந்துவிடும்.

இன்னொன்று நேரம். ஓர் ஆணியை அமுக்கிய பிறகு அடுத்த பொருளைக் கேட்கும் நிலைக்குத் திரும்பக் கருவிக்குச் சிறிது நேரம் வேண்டும். அது பத்தில் ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால், ஒவ்வொரு ஆணிக்குப் பின்னாலும் பத்து சென்டிமீட்டர் மண்ணை உங்கள் கருவி கேட்கவேயில்லை. வேகத்தைப் பாதியாக்கினால் அது ஐந்தாகும். லாடம் அடித்த இடத்தில் ஒரு சாணுக்கு மூன்று நான்கு ஆணி கிடப்பது சாதாரணம். வேகமாக வீசினால் அங்கே கேட்கப்படாத மண்தான் மிச்சம்.

ஆகவே இரும்பை அணைக்காதீர்கள். தாழ்ந்த உறுமலாக வைத்து, அதன் ஒலியளவை மட்டும் குறையுங்கள். உறுமல்களுக்கு நடுவே மெல்லிய ஒரு உயர்ந்த கீச்சொலி எழுகிறதா என்று காது தேட வேண்டும். முதலில் இரைச்சலாகத்தான் இருக்கும். ஹெட்போன் போட்டுக்கொண்டால் விரைவில் பழகிவிடும்.

கருவியோடு வந்த 11 அங்குல காயிலே போதுமா?
*- ஒரு வாசகர், கொல்லங்கோடு*

ஆணி இல்லாத வயலுக்குப் போதும். ஆணி மண்ணுக்கு 5 அல்லது 6 அங்குலம்தான் சரி. பெரிய காயில் ஒரே நேரத்தில் நாலைந்து ஆணியைத் தன் அடியில் வைத்திருக்கும். சின்ன காயில் ஆணிக்கும் காசுக்கும் நடுவில் நுழையும். ஆழம் குறையும் என்பது உண்மை. ஆனால் ஆணிக்கூட்டத்தில் பெரிய காயிலின் கூடுதல் ஆழம் பயன்படப்போவதில்லை, காசு மறைந்தேதான் இருக்கும்.

வகையும் முக்கியம். டிடி காயில் (இரண்டு D வடிவச் சுருள் சேர்ந்தது) நடுவில் முன்னிருந்து பின்னாகக் கத்தி விளிம்பு போல ஒரு ஒடுங்கிய கோட்டில் உணரும். அடுத்தடுத்த பொருளைப் பிரிக்க அது நல்லது. ஆனால் தட்டையான இரும்பைக் காசு என்று பொய் சொல்லும் பழக்கம் அதற்கு அதிகம். கான்சென்ட்ரிக் காயில் (ஒரு வட்டச் சுருளுக்குள் இன்னொரு வட்டச் சுருள்) இரும்பை நேர்மையாகச் சொல்லும். நம் செம்மண்ணில் மட்டும் திணறும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 6 அங்குல டிடி வாங்குங்கள். உங்கள் கருவியின் கம்பெனி அந்த அளவில் காயில் தருகிறதா என்பதைக் கருவி வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ரெகவரி ஸ்பீடு, அயர்ன் பயாஸ், சென்சிட்டிவிட்டி என்று மெனுவில் நிறைய இருக்கிறது. எதை எவ்வளவு வைப்பது?
*- கல்லூரி மாணவர், சித்தூர் (பாலக்காடு)*

ரெகவரி ஸ்பீடு என்பது மேலே சொன்ன திரும்பும் நேரம். சில கருவிகளில் ரியாக்டிவிட்டி என்று போட்டிருப்பார்கள். ஆணி மண்ணில் இதை உயர்த்த வேண்டும். எக்வினாக்ஸ் 800 என்ற மாடலில் 1 முதல் 8 வரை இருக்கிறது. 6 அல்லது 7ல் தொடங்குங்கள். உச்சத்தில் வைத்தால் ஒலி ஒரு சொடுக்குப் போலக் குறுகி, ஆழத்துக் காசு காதில் விழாமல் போகும்.

அயர்ன் பயாஸ் என்பது சந்தேகமான சிக்னலை இரும்பு என்று தீர்ப்புச் சொல்லும் மனச்சாய்வு. இதைக் கூட்டினால் பொய்க் கீச்சு குறையும்; கூடவே ஆணியை ஒட்டிக் கிடக்கும் காசும் இரும்பாகிவிடும். காசைத் தேடிப் போகிறவர் இதைக் குறைவாக, 0 முதல் 2க்குள் வைத்து, பொய்யைத் தன் காதால் பிரிப்பதே மேல். ஒரு முறை தோண்டித் தீர்த்த இடத்தில் இரண்டாம் முறை போகிறவருக்கு இது கட்டாயம்.

சென்சிட்டிவிட்டி என்பது மெல்லிய சிக்னலையும் கேட்கும் கூர்மை. இதை எல்லோரும் உச்சத்தில் வைக்கிறார்கள். ஆணி மண்ணில் அது வேண்டாத வேலை: ஆழத்து ஆணியெல்லாம் சேர்ந்து கத்தும். முழு அளவில் அறுபது எழுபது சதவீதம் போதும்.

அலைவரிசை ஒன்று மட்டும் உள்ள கருவியில் மாற்ற ஏதுமில்லை. மாற்ற முடிந்தால், சின்ன வெள்ளிக் காசு, மெல்லிய செப்புக் காசுக்கு 15 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல். பெரிய வெள்ளி ரூபாய்க்கு 5 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம். பல அலைவரிசையை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவி என்றால் அந்த முறையிலேயே விட்டுவிடுங்கள்.

வீச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கதிர் அறுப்பது போல அகலமாக வீசாமல் இரண்டடிக்குள் நிறுத்துங்கள். காயில் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் ஒரே மட்டமாகப் போகட்டும். அடுத்த வீச்சு முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். ஒரு செண்டு நிலத்தை ஒரு மணி நேரத்தில் முடித்தால் அவசரப்படுகிறீர்கள். முடிந்ததும் குறுக்குவாட்டில் திரும்ப ஒரு தடவை போங்கள். வடக்குத் தெற்காகப் போகும்போது மறைந்த காசு கிழக்கு மேற்காகப் போகும்போது கேட்கும்.

கீச்சென்று காசு மாதிரியே கத்துகிறது, தோண்டினால் ஆணி. எப்படித்தான் பிரித்தறிவது?
*- ஒரு வாசகர், வண்ணாமடை*

நூற்றுக்கு நூறு பிரிக்கும் வழி கிடையாது. ஆனால் தோண்டுவதற்கு முன் நான்கு சோதனை செய்தால் பொய்யில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

முதலாவது, கால் பங்கு சுற்றி நின்று கேட்பது. சிக்னல் வந்த புள்ளியை நடுவில் வைத்து, 90 டிகிரி நகர்ந்து திரும்ப வீசுங்கள். வட்டமான காசு எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே குரலில் பேசும். ஆணி நீளமானது. குறுக்கே வீசும்போது உறுமும், நீளவாக்கில் வீசும்போது நுனியிலும் தலையிலும் இரண்டு கீச்சாகக் கத்தும். ஆணியை ஒட்டிய காசு மட்டும் ஒரு பக்கத்தில் கேட்டு மறுபக்கத்தில் மங்கும். எனவே ஒரு பக்கத்தில் மட்டும் கேட்கிறது என்பதற்காகவே கைவிட வேண்டாம். அந்த ஒரு பக்கத்தில் ஐந்து வீச்சுக்கு ஐந்தும் ஒரே குரலாக வந்தால் தோண்டுங்கள். மூன்றாவது வீச்சிலேயே குரல் தடுமாறினால் ஆணிதான்.

இரண்டாவது, நடுப்புள்ளி. கீச்சு எங்கே உச்சமாகக் கேட்கிறது என்று காலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு பின்பாயின்ட் பொத்தானை அழுத்தி நடுவைத் தேடுங்கள். இரண்டும் ஒரே இடம் என்றால் நம்பலாம். நான்கு விரல் தள்ளிக் காட்டினால், கீச்சு என்பது ஆணியின் நுனியிலிருந்து வரும் பொய்.

மூன்றாவது, தூக்கிப் பார்ப்பது. காயிலை ஒரு சாண் உயர்த்தினால் காசின் சத்தம் சட்டென்று மங்கும். அப்படியே கத்திக்கொண்டிருந்தால் கீழே இருப்பது பெரிய இரும்பு: முழு லாடம், கடையாணி, வண்டிப் பட்டாவின் துண்டு. பெரிய இரும்பு கருவியைத் திணறடித்து உயர்ந்த வெள்ளி எண்ணையே காட்டும். துளை போட்ட வாஷரும் அப்படித்தான். வட்டமாக இருப்பதால் மின்னோட்டம் சுற்றி ஓட வழி கிடைக்கிறது.

நான்காவது சோதனை சோடா மூடிக்காக. கள்ளுக்கடை இருந்த இடம், திருவிழா மைதானம் என்றால் மூடிதான் பெரிய தொல்லை. தகரம் மெல்லிதாக, வட்டமாக இருப்பதால் டிடி காயில் அதை நன்றாகவே நம்பிவிடும். காயிலின் நடுவால் வீசாமல், முன் விளிம்பு மட்டும் புள்ளியைத் தொட்டுப் போகும்படி மெல்லப் பின்னால் இழுங்கள். விளிம்பில் வரும்போது மூடி இரும்பு உறுமலாக மாறும், காசு காசாகவே இருக்கும்.

எண்ணை விடக் குரலை நம்புங்கள் என்பது எங்கள் திடமான கருத்து. ஆணிக்கு நடுவில் இருக்கும் வெள்ளி ரூபாய் தன் சரியான எண்ணைக் காட்டவே காட்டாது. இரும்பு அதைக் கீழே இழுத்திருக்கும்.

காட்டுக்குப் போகும் முன் வீட்டிலேயே பழக ஏதாவது வழி?
*- பள்ளி ஆசிரியை, மீனாட்சிபுரம்*

ஆணிப் பலகை செய்யுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளைவுட் துண்டு ஒன்று. அதில் சட்டம் அடிக்க இரும்பு ஆணி பயன்படுத்தக் கூடாது, ஃபெவிகால் போதும். நடுவில் ஒரு வட்டம் வரைந்து பழைய காலணா ஒன்றை வையுங்கள். அதைச் சுற்றி இரண்டரை அங்குல ஆணி நான்கு, வெவ்வேறு திசையில் படுக்க வைத்து, இரண்டு காசுக்கு மூன்று விரல் தூரத்திலும் மற்ற இரண்டு ஆறு விரல் தூரத்திலும் இருக்கட்டும். இடத்தைப் பேனாவால் வரைந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே அமைப்புக் கிடைக்கும். துருப்பிடித்த ஆணியே வையுங்கள். புது ஆணி வேறு மாதிரி பேசும்.

பலகையை வீட்டுத் தரையில் வைக்காதீர்கள், கான்கிரீட்டில் கம்பி இருக்கும். மர பெஞ்சு அல்லது கயிற்றுக் கட்டில் மேல் வைத்து, காயிலை நான்கு விரல் உயரத்தில், நான்கு திசையிலிருந்து போய் வரச் செய்யுங்கள். மொத்தம் எட்டுக் கடப்பு. எட்டில் எத்தனை முறை காசு கேட்டது என்று குறித்து, ஒரு நேரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரும்பை அணைத்து ஒரு தடவை, திறந்து ஒரு தடவை ஓட்டினால், முதல் கேள்விக்கு நாங்கள் எழுதிய பதில் காதாலேயே விளங்கும்.

பலகையில் ஒரு குறை உண்டு. அதில் ஆணியும் காசும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. நிலத்தில் ஆணி மேலும் காசு கீழும் இருக்கும், அது இன்னும் கடினம். அதற்காக இரண்டு செங்கல் மேல் பலகையை உயர்த்தி, ஆணியை மேலே விட்டு, காசை மட்டும் கீழே வைத்து ஒரு முறை கேளுங்கள். செங்கல்லை மட்டும் ஓரமாக நகர்த்தி வையுங்கள். சுட்ட மண்ணே சிக்னல் தரும்.

ஆணியைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தேடினால் என்ன?
*- ஒரு வாசகர், கோவிந்தாபுரம்*

அதுதான் எல்லாவற்றையும் விட நல்ல வழி. அலுப்பான வேலை என்பதால் யாரும் செய்வதில்லை.

சொந்த நிலம் என்றால் பத்தடிக்குப் பத்தடியாகக் கயிறு கட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் காசைத் தேட வேண்டாம். உறுமலைத் தேடி, மேலாக இருக்கும் இரும்பை மட்டும் களைக்கொத்தால் எடுத்து வாளியில் போடுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கழற்றி, துணிப்பையில் முடிந்து, கயிற்றில் கட்டி மண் மேல் இழுத்தால் சிறு ஆணிகள் பையில் ஒட்டும். பையைப் பிரித்தால் உதிர்ந்துவிடும். காந்தத்தை வெறுமனே இழுத்தால் துருத்தூளைச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் போகும்.

இரண்டாம் சுற்றில் மம்பட்டியால் மேல் மண்ணை இரண்டு மூன்று விரல் ஆழத்துக்குச் செதுக்கி ஒரு பக்கம் தள்ளி, அந்த மண்ணைக் காந்தத்தாலும் டிடெக்டராலும் பார்த்துவிட்டு, புதிதாகத் திறந்த தரையைத் திரும்ப ஓட்டுங்கள். முன்பு ஊமையாக இருந்த இடத்தில் இப்போது காசு பேசும். மறைத்த ஆணி போய்விட்டது, காயிலும் காசுக்கு நெருங்கிவிட்டது.

காந்தத்தில் ஒட்டியதையெல்லாம் வீசிவிடாதீர்கள். 1947ஆம் ஆண்டு ரூபாயும், 1946, 1947ஆம் ஆண்டு அரை ரூபாய், கால் ரூபாயும் சுத்த நிக்கலில் அடித்தவை. நிக்கல் காந்தத்தில் ஒட்டும். 1950க்குப் பிந்தைய நிக்கல் ரூபாயும் அப்படியே. வாளியில் சேர்ந்த துருவைத் தண்ணீரில் அலசி, வட்டமாக ஏதாவது இருக்கிறதா என்று கையால் பார்த்த பிறகே பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள்.

ஒரு குழியில் காசு கிடைத்தால் அதே குழியைப் பின்பாயின்ட்டரால் (குழிக்குள் விட்டுப் பார்க்கும் சிறு கைக்கருவி) சுவரோடு சேர்த்துத் தடவுங்கள். முடிச்சு அவிழ்ந்து விழுந்த காசுகள் ஒன்றாகவே கிடக்கும்.

நம் பக்கத்தில் என்ன காசெல்லாம் கிடைக்கும்? ஒவ்வொன்றும் எப்படிக் கத்தும்?
*- நாணயம் சேகரிப்பவர், வேலந்தாவளம்*

எண் கருவிக்குக் கருவி மாறும். ஆகவே எண்ணைச் சொல்லாமல் இயல்பைச் சொல்கிறோம். உங்களிடம் உள்ள காசுகளை ஒவ்வொன்றாகக் காயில் முன் காட்டி, உங்கள் கருவிக்கு நீங்களே பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், 30.5 மில்லிமீட்டர், 91.7 சதவீதம் வெள்ளி. இதுவே மிக உயர்ந்த குரல். 1940 முதல் 1945 வரை வந்தவை பாதி வெள்ளி, அதனால் குரல் இறங்கும். காலணா 1906க்கு முன் செம்பு, பிறகு வெண்கலம். வெண்கலம் செம்பை விட ஒரு படி கீழே பேசும். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா சிறிதாக இருந்தாலும் நன்றாகக் கேட்கும்.

சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பாலக்காடு மலபார் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில். ஆகவே கொச்சியின் புத்தன், டச்சுக் கம்பெனியின் விஓசி முத்திரைச் செப்புக் காசு, ஹைதர், திப்பு காலத்து யானைச் செப்புக் காசு எல்லாம் வர இடமுண்டு. புத்தன் பொடி வெள்ளி. வீரராயன் பணம் பொடித் தங்கம், அரை கிராம்கூட எடை கிடையாது. இந்த இரண்டும் பெரிய காயிலில் கேட்கவே கேட்காது; உயர்ந்த அலைவரிசை, சின்ன காயில், நான்கு விரலுக்குள் ஆழம் என்றால்தான் உண்டு. தங்கப் பணம் அலுமினிய ஜரிகைத் தாள் பேசும் இடத்தில் பேசும். நீண்ட காலம் மண்ணில் அரித்த செப்புக் காசு மெலிந்து, எதிர்பார்த்ததை விடத் தாழ்ந்த எண் காட்டும்.

குடியரசுக் காலத்துக் காசுகளில் அலுமினியப் பைசாக்கள் நடுக்குரல். குப்ரோ நிக்கல் ரூபாய் அதற்கும் கீழே, காந்தத்தில் ஒட்டாது. எட்டணா, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று பின்னாளில் வந்தவை ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: நூற்றில் 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். இவை காந்தத்தில் ஒட்டும், டிடெக்டரில் ஒருமுறை இரும்பாகவும் ஒருமுறை வெள்ளியாகவும் துள்ளும். இந்தத் துள்ளலைப் பழகிக்கொண்டால் வீண் குழி குறையும். நாலணாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது.

கொழிஞ்சாம்பாறை கரிசலில் நன்றாக ஓடுகிற கருவி, மேற்கே செம்மண்ணுக்குப் போனால் காரணமே இல்லாமல் கத்துகிறது. கோளாறா?
*- ஒரு வாசகர், ஆலத்தூர்*

கோளாறு இல்லை, மண். கேரளத்தில் கரிசல் இருப்பதே சித்தூர் தாலுகா பக்கம்தான். மேற்கே போகப் போக லேட்டரைட், அதாவது வெட்டுக்கல் மண். அது இரும்பு ஆக்ஸைடு நிறைந்தது, மண்ணே கருவிக்குப் பதில் சொல்லும். கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் பதிலைக் கழித்துவிடும் அமைப்பு) மாற்ற முடியாத, கம்பெனியிலேயே நிலைப்படுத்தி வரும் மாடல்கள் (கேரட் ஏஸ் 250, 400 போன்றவை) இங்கே தடுமாறும்.

ஆணி இல்லாத ஒரு முழம் இடத்தைத் தேடுங்கள், வரப்போரம் கிடைக்கும். அங்கே காயிலை ஒரு சாண் உயரத்துக்கும் தரைக்கும் மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி, சத்தம் மாறாமல் ஒரே மட்டமாக வரும்வரை பேலன்ஸ் செய்யுங்கள். டிராக்கிங் என்ற தானியங்கிச் சரிபார்ப்பை அணைத்துவிடுங்கள். ஆணி மண்ணில் அது ஆணியையே மண் என்று நினைத்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். நிலம் நிறம் மாறும் இடத்தில் நின்று திரும்பச் செய்யுங்கள்.

ஓட்டு வீடு இடிந்த இடத்தில் ஓட்டுச் சில்லும் செங்கல்லும் தனித் தொல்லை. சூளையில் சுடும்போது மண்ணில் உள்ள இரும்பு காந்தத்தன்மை பெறுகிறது. சந்தேகமான சில்லை எடுத்துக் காயில் முன் ஆட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கரிசலில் வேறு சங்கடம். கோடையில் வெடிப்பு விட்டு, காசு வெடிப்புக்குள் இறங்கி ஆழம் போய்விடும். மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, கட்டி கையில் உடையும் பதத்தில் தேடுவதே சரி. ஈரம் அதிகமானால் மண் காயிலில் அப்பிக்கொள்ளும்.

கிடைத்த செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வருகிறது. செய்யலாமா?
*- இல்லத்தரசி, முதலமடை*

தயவுசெய்து வேண்டாம். புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி எதுவுமே வேண்டாம். செம்பின் மேல் படிந்த பச்சையும் கறுப்புமான தோலில்தான் எழுத்தும் உருவமும் நிற்கின்றன. அமிலம் அதைக் கரைத்தால் எழுத்தும் போகும். போன எழுத்து எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, மண் இளகியதும் மூங்கில் குச்சியின் நுனியால் மெல்ல விலக்குங்கள். நிழலில் உலர்த்தி, காகித உறையில் தனித்தனியாக வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை செம்பைக் கெடுக்கும். கிடைத்த இடமும் ஆழமும் உறை மேல் எழுதியிருக்கட்டும்.

புதையல் சட்டம் என்ன சொல்கிறது? சொந்த நிலத்தில் கிடைத்தால் சொந்தம்தானே?
*- ஒரு வாசகர், பொள்ளாச்சி*

இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்த மதிப்புள்ள எதுவும் புதையல். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்குப் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போகும்; ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் உண்டு. உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவாகி, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, மீதி நிலத்துக்காரருக்கு. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகத் தரும். கேரளத்துக்கு 1968ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. நிலம் எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தே சட்டம். உங்கள் வீடு எங்கே என்பதைப் பொறுத்தல்ல.

தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களுக்குக் கருவியை எடுத்துப் போகவே வேண்டாம். பாலக்காடு கோட்டை அப்படிப்பட்டது. அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கோயில் நிலம், புறம்போக்கு, காட்டு இலாகா நிலம் எதிலும் தோண்டக் கூடாது. நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

ஒரு பானையோ, குவியலாகக் காசோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கையை வைத்து அள்ளினால் எந்தக் காசு எதன் மேல் இருந்தது, பானை எந்த மட்டத்தில் நின்றது என்ற தகவல் அழிந்துவிடும். காலம் கணிப்பது அதை வைத்துத்தான். 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் ரப்பர் தோட்டத்தில் மழைக்குழி வெட்டிய வேலையுறுதித் திட்டப் பெண்கள் பொன்னும் வெள்ளிக் காசும் கண்டதும் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். வீரராயன் பணம் உள்ளிட்டவை அதில் இருந்ததைத் தொல்லியல் துறை ஆய்ந்து சொல்ல முடிந்தது அதனால்தான். படம் எடுத்து, தார்ப்பாய் மூடி, விஏஓவிடமோ கேரளப் பக்கம் வில்லேஜ் ஆபீசிலோ உடனே சொல்லுங்கள்.

பம்புசெட் ஓடும்போது மட்டும் கருவி உளறுகிறது.
*- ஒரு வாசகர், நல்லேப்பிள்ளி*

மோட்டார், மின்வேலி, உயர் அழுத்தக் கம்பி எல்லாமே அப்படிச் செய்யும். காயிலைத் தரையில் வைத்து நாய்ஸ் கேன்சல் (வெளி மின் இரைச்சலைத் தவிர்க்கும் அமைப்பு) போடுங்கள்; தீராவிட்டால் சென்சிட்டிவிட்டியை இரண்டு மூன்று படி இறக்குங்கள். செல்போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். வேலை உங்கள் தோட்டத்தில்தான் என்றால், கரண்ட் இல்லாத நேரத்தில் தேடுவது இன்னும் சுலபம். கையுறையும் தடித்த செருப்பும் மறக்க வேண்டாம். துரு ஆணி குத்தினால் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.